சப்வேக்குக் கையெழுத்து வாங்கியவன்

எங்கள் பகுதியில் ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சப்வே கட்டலாம் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவன் நான். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் காசும் கொடுக்கவில்லை. பொருளாதாரம் படித்தவன் என்கிற திமிரில் நானாகவே செய்தேன். முதல் கையெழுத்து என் மனைவியுடையது. அடுப்பில் பொங்கவிருந்த பாலைப் பார்த்தபடியே, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்தாள்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்ட வேண்டும். திட்டத்தான் போகிறேன்.

ஆம்பூரை ஒட்டித் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் எங்கள் தெருக்கள். மறுபக்கம் ஹைவேயும் அதையொட்டி ஷூ கம்பெனிகளும். காலையில் எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயாக வேண்டும். பேரணாம்பட்டு வரைக்கும் கம்பெனி வேன் போகிறது. எங்களுக்கு வராது. கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர்களுக்கு வேன் எதற்கு என்று கேட்பார்கள். எட்டரை மணிக்குக் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். மூன்று முறை லேட்டானால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதைவிட மோசம், லைன். ஒருத்தி ஷூவின் மேல்பாகத்தில் ஒரு தையல் போட்டு அடுத்தவளிடம் தள்ளுவாள், அவள் இன்னொரு தையல் போட்டு அதற்கடுத்தவளிடம் தள்ளுவாள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அன்று முழுக்க அந்த ஒருத்தியைத்தான் வைவார்கள்.

பழைய கேட்டில் காத்திருப்பது பெரிய ரோதனைதான். ஒரு கூட்ஸ் வண்டிக்காக மூடினால் அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் போன பிறகுதான் திறப்பார்கள். பெண்கள் குனிந்து கம்பிக்குக் கீழே நுழைவார்கள். கேட்கீப்பர் கத்துவார். ஆனால் ரயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அந்த மனிதருக்குத் தெரியும். வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினால் ஒருத்தியும் நகர மாட்டாள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதே எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

சப்வேக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் பேசுவதற்குப் படித்த உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பொருளாதாரத்துக்குக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்றால் நிரந்தரம் கிடையாது, லீவு மாதத்தில் சம்பளமும் கிடையாது என்று அர்த்தம். ஏன் என்று கேட்டால் நிதிச்சுமை என்று பதில் வரும். அப்படிப்பட்ட நான் மேடையேறி, அரசு செலவு செய்தால் நாடு எப்படி வளரும் என்று ஊருக்கே வகுப்பெடுத்தேன். அரசு போடும் ஒரு ரூபாய் ஒரு ரூபாயோடு நிற்காது, அது சிமென்ட் கடைக்காரரிடம் போகும், அவரிடமிருந்து லாரி டிரைவருக்கு, லாரி டிரைவரிடமிருந்து டீக்கடைக்கு, இப்படியே போய்ப் போய் மூன்று ரூபாயாகும், இதற்குப் பெருக்கி என்று பெயர் என்றேன். பலத்த கைதட்டல். நான் பேசி முடித்ததற்காகத் தட்டினார்களா, கான்ட்ராக்டர் சொல்லிவைத்த பிரியாணி வண்டி அந்த நேரத்தில் வந்து நின்றதற்காகத் தட்டினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கும் இரண்டு பொட்டலம் கொடுத்தார்கள். பெருக்கி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அளவு அதுதான்.

மேடையை விட்டு இறங்கும்போது எங்கள் தெருவைக் கூட்டும் அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார்.

"அங்க தோண்டுனா ஊறும் சார். பக்கத்துலயே ஷாப் தண்ணி போற கால்வா. நாங்க குப்ப கொட்டக் குழி எடுத்தாவே ரொம்பிடும்."

தோல் தொழிற்சாலைகளை எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கழிவுநீர் போகும் கால்வாயைப் பற்றித்தான் அவர் சொன்னார். நான் சிரித்தேன். பெரிய மனுஷச் சிரிப்பு. "இதெல்லாம் இன்ஜினியருங்களுக்குத் தெரியாதாம்மா" என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்ஜினியர்களுக்குத் தெரியவில்லை. கால்வாயின் அடிமட்டத்தைவிட ஓராள் ஆழம் கீழே சப்வேயின் தரையைப் போட்டார்கள். பெயின்ட் அடித்தார்கள், பறவைகள் வரைந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். அன்று மாலையே கேட்டைப் பிடுங்கி, அந்த இடத்தில் இரும்புத் தண்டவாளத் துண்டுகளை நட்டு அடைத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் சுவரோரம் ஈரம் தெரிந்தது. பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். மழையே இல்லாத மாதத்தில் எங்கள் சப்வேயில் தண்ணீர் நின்றது. அதுவும் சாதாரணத் தண்ணீரா? முட்டை அழுகிய வாடை, மேலே ஒரு நீலப் படலம். அதில் இறங்கிப் போன முதல் வாரத்திலேயே பெண்களுக்குக் கால் விரலிடுக்கில் புண் வந்தது. சுவரில் வரைந்த கொக்குக்கு மட்டும் அந்த இடம் பொருத்தமாக இருந்தது.

மோட்டார் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. நல்ல பெரிய மோட்டார். அதற்குத் தனி அறை, இரும்புக் கதவு, பூட்டு எல்லாம் இருந்தன. போட்டால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வற்றிவிடும். போட ஆள் இல்லை. மனு எழுதிக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன். படித்தவர்கள் பாராட்டுவார்கள், வேலைதான் நடக்காது. அங்கே இருந்த இன்ஜினியர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார்.

"மோட்டார் இருக்குல்ல சார், அப்புறம் இன்னா?" என்றார்.

"போட ஆள் இல்லையே."

"ஆளுக்கு சாங்ஷன் இல்ல. மோட்டார் கேபிடல்ல வந்துது. ஆளு போட்டா ரெவின்யூ. ரெவின்யூ செலவ கம்மி பண்ணுங்கன்னு மேல இருந்து ஆர்டர் மேல ஆர்டர். நீங்க எகனாமிக்ஸ் சார்தானே, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் கேவலம். மூலதனச் செலவு வளர்ச்சிக்கு நல்லது, வருவாய்ச் செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வருடா வருடம் போர்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப்போடுகிறவன் நான்தான். அதை அப்படியே திருப்பி எழுதும் பிள்ளைகளுக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் போடுகிறவனும் நான்தான். மோட்டார் ஒரு பத்தியில் இருந்தது. அதைப் போட வேண்டிய கை அடுத்த பத்தியில் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு டிராக்டர்காரர் ஒருவர் வந்தார். டிரெய்லரில் ஆட்களை நிற்க வைத்துச் சப்வேயின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தண்ணீருக்குள் கொண்டுபோய் விடுவார். தலைக்குப் பத்து ரூபாய். டிராக்டர் நிறைந்தால்தான் எடுப்பார், ஆகவே அதிலும் லேட். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் பிழைக்க வேண்டும். என் கோபமெல்லாம் என் பாடத்தின் மேல். சப்வே கட்டியபோது அது வளர்ச்சியில் சேர்ந்தது. அதில் தண்ணீர் நின்று டிராக்டர் ஓடினால் அதுவும் வளர்ச்சி. காலில் புண் வந்து களிம்பு வாங்கினால் அதுவும் வளர்ச்சிதான். மோட்டார் அறையின் சாவியை யாராவது ஒருவர் தினமும் காலையில் திருப்பியிருந்தால் இந்த இரண்டு வளர்ச்சியும் நடந்திருக்காது. இதை வகுப்பில் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, இது பரீட்சைக்கு வருமா சார் என்று கேட்டாள். வராது என்று உட்காரச் சொன்னேன்.

எங்கள் துறையில் ஒரு மூத்த பேராசிரியர் இருக்கிறார். அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நிரந்தர வேலை, நிச்சயமான பென்ஷன், ஊரில் தோப்பு. அவருடைய கொள்கை, அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டும் என்பது. பெண்களுக்கு இலவச பஸ் ஏன், சத்துணவு ஏன், ஆள் எடுப்பது ஏன் என்று எதைப் பார்த்தாலும் ஏன். அவருடைய சம்பளம் மட்டும் எந்தச் செலவிலும் சேராது போலிருக்கிறது. வாயாலேயே வடை சுடுவதில் மன்னன். அரசு கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினால் தனியார் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் செய்வார்கள் என்பார். எங்கள் சப்வேக்கு டிராக்டர் வந்ததைச் சொன்னேன். "பாத்தீங்களா, மார்க்கெட் தன்னால வருது" என்றார். அந்த ஆளோடு எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவில் நான் தினமும் மல்லுக்கு நிற்பேன். அவர் சிக்கனக் கட்சி, நான் செலவுக் கட்சி. என் பங்குக்கு நானும் குறைந்தவன் இல்லை. அரசு எவ்வளவு செலவு செய்கிறது என்பதையே பேசுவேன். எதற்குச் செய்கிறது, செய்த பிறகு அது ஓடுகிறதா என்று யாராவது கேட்டால் அது நிர்வாகம், பொருளாதாரம் இல்லை என்று ஒதுக்கிவிடுவேன். இரண்டு பேருமே தண்ணீரில் கால் வைக்காதவர்கள். நான் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறவன். அந்த பஸ் எங்கள் பக்கத்திலேயே நிற்கும்.

கால் வைத்தது என் மனைவி. பதினெட்டு வயதிலிருந்து ஷூ கம்பெனியில் தைக்கிறாள். தூண் மாதிரி உயர்ந்து நிற்கும் போஸ்ட் மெஷினில் தையல் போடுவது அவள் வேலை. வளைந்த தோலை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு நூல் விலகினாலும் ஜோடியையே கழித்துத் தள்ளிவிடுவார்கள். அவள் தைத்ததைத் தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வருடம் அவளுடைய லைனுக்கு சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வேலை உனக்குத்தான், ஆனால் சூப்பர்வைசராகப் போகிறவள் மார்ச் வரைக்கும் ஒரு நாள்கூட லேட்டாக வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்பட்டாள். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றபடி வேலை பார்க்கலாம், இடுப்பு வலி போகும் என்றாள். என்னைவிட அவள் சம்பளம் அதிகமாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

ஆகவே அவளும் மற்ற பெண்களும் பழையபடி தண்டவாளத்தையே தாண்டினார்கள். நட்டு வைத்த இரும்புத் துண்டுகளுக்கு நடுவே ஒருவர் ஒருக்களித்து நுழையும் இடைவெளி இருந்தது. இப்போது கத்துவதற்குக் கேட்கீப்பர் இல்லை. அந்த இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது, ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வரும் வண்டி கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். பழைய வண்டிகளாவது தடதடவென்று சத்தம் கொடுத்தன. புதிதாக விட்டிருக்கும் வேக ரயில் சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறது. நிற்கிறது என்றா சொன்னேன், எங்கள் ஊரில் அது நிற்பதுகூட இல்லை.

"காலைல சும்மாதான இருக்கீங்க" என்றாள் ஒரு நாள். "வளைவாண்ட வந்து நின்னு பாத்து சொல்லுங்களேன். உங்களுக்கு ஒம்போதரைக்குத்தான பஸ்ஸு."

போனேன். கடையில் ஒரு விசில் வாங்கிக்கொண்டேன். தினமும் எட்டு மணிக்கு வளைவில் நிற்பேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினால் சாப்பாட்டுக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கடப்பார்கள். வண்டி வந்தால் விசில். முதல் நாள் கூச்சமாக இருந்தது. பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பெருமையாக இருந்தது. "சார் இருக்காரு, வாங்கடி" என்று அவர்கள் சொல்லிக்கொண்டு போவது காதில் விழும். அரசாங்கம் ஒழித்துக்கட்டிய வேலையைச் சம்பளம் இல்லாமல் நான் செய்துகொண்டிருந்தேன். கேட்கீப்பர் செய்தபோது அந்த வேலை நாட்டின் வருமானக் கணக்கில் இருந்தது. நான் செய்தபோது எந்தக் கணக்கிலும் இல்லை. இந்த அழகான கருத்தை அன்றே குழுவில் எழுதிப் போட்டேன். மூத்த பேராசிரியர் அதற்கு, மக்களே பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அரசு எதற்கு ஆள் போட வேண்டும், நீங்களே நிரூபித்துவிட்டீர்களே என்று பதில் போட்டார். கீழே ஒரு சிரிக்கும் பொம்மை.

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் ஆம்பிளையா? இரவெல்லாம் யோசித்தேன். மறுநாள் காலையில், வளைவில் நின்றுகொண்டிருந்தபோது, சரியான வாக்கியம் வந்துவிட்டது.

அப்போது சென்னைப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. நீளமான கூட்ஸ், கடைசிப் பெட்டி வர எப்படியும் மூன்று நிமிடம் ஆகும் என்று பட்டது. போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். அரசின் செலவு என்பது, என்று தொடங்கினேன். பெண்கள் இரும்புத் துண்டுகளுக்கு இந்தப் பக்கம் காத்திருந்தார்கள். கூட்ஸின் கடைசிப் பெட்டி தாண்டியது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் கையைத் தூக்கவும் இல்லை, விசில் ஊதவும் இல்லை. விசில் இல்லையென்றால் வண்டி இல்லை என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நேரம் எட்டு இருபது.

வேக ரயிலின் ஹாரனைக் கேட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன். அது என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. விசில் என் வாயில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பக்கம் ஏறிவிட்டவர்கள் அலறினார்கள். என் மனைவி இரண்டாவது தண்டவாளத்தில், முன்னால் போன பெண்ணின் பின்னால் இருந்தாள். அந்தப் பெண்ணை முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டுத் தானும் அதே பக்கம் விழுந்தாள். ரயில் போய் முடியும்வரை எனக்கு எதுவும் தெரியவில்லை. போன பிறகு பார்த்தால் ஜல்லிக்கற்கள் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே கை இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. தள்ளப்பட்ட பெண்ணுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். அவளிடம், "நீ போடி, கேட் மூடிடுவான்" என்றாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவளை எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயம் தெளிந்ததும் எனக்கு வெறி வந்தது. என் மேல் வந்திருக்க வேண்டும். அந்த மூத்த பேராசிரியர் மேல் வந்தது. போனை எடுத்தேன், பாதியில் நின்ற வாக்கியம் அப்படியே இருந்தது. அதை அழித்துவிட்டு வேறு எழுதினேன். மக்களே பார்த்துக்கொண்டதில் இன்று என் மனைவியின் கை உடைந்தது, ஒரு கேட்கீப்பரின் சம்பளத்தை மிச்சம் பிடித்ததன் விலை இது, உங்கள் சிக்கனத்துக்கு என் வாழ்த்துகள் என்று எழுதி அனுப்பினேன். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை எழுதவில்லை. ஒரு நிமிடத்துக்குள் குழுவில் எல்லோரும் கைகூப்பினார்கள். சிலர் சபாஷ் என்றார்கள். மூத்த பேராசிரியர் மன்னிப்புக் கேட்டார். அவர் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடி, இரண்டு மூன்று நிமிடம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் அவளுடைய மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. போஸ்ட் மெஷினில் உட்கார வைத்துப் பார்த்தார்கள், தோல் கையை விட்டு நழுவியது. நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாகச் சேரும் பெண்கள் உட்காரும் இடம் அது. சூப்பர்வைசர் வேலை வேறொருத்திக்குப் போனது. மோட்டாருக்கு ஆள் இன்னும் வரவில்லை. ஆனால் செலவு நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள், சப்வே சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.

மேஜை வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், அவள் இடது கையால் சாப்பாட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

"அன்னிக்கு போன்ல யாருக்கோ தட்டினு இருந்தீங்களே" என்றாள். "இன்னா விஷயம்?"

சொன்னேன். பேராசிரியர், சிக்கனம், கேட்கீப்பர் எல்லாம்.

"யாரு ஜெயிச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன். எப்படி என்று கேட்டாள். நான் இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள்.

"இத வெச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கி வளைவாண்ட வர்றப்ப போன வூட்லயே வெச்சிட்டு வாங்க" என்றாள்.